கழுத்தில் ஓர் ஈரக்குமிழ்

அத்தை முதலில் தைத்த பட்டை இரவோடு இரவாக வெடித்துவிட்டது. புதுச்சேரியின் குருசுக்குப்பத்து வீட்டின் பின்கட்டில் ஒரு வாளியில் ஊறப்போட்டிருந்தோம். காலையில் பார்த்தால் தையல் ஓரம் வாய் பிளந்து, கண்ணாடிச் சில்லு போன்ற கூழ்க்கட்டிகள் வாளி முழுக்க மிதக்கின்றன. "ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி ஆயிடுச்சேடா" என்று அத்தை சிரித்தார். தப்பு என்னுடையது. ஒரு தேக்கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டிருந்தேன். உலர்ந்திருக்கும்போது நொறுக்கிய கற்கண்டு போலக் கொஞ்சூண்டு தெரிகிறதே, இது எப்படி ஒரு கழுத்தைச் சுற்றி நிரம்பும் என்ற அவநம்பிக்கைதான் காரணம்.

அத்தையின் பேரன் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கிறான்; ஜெய்சல்மேர் பக்கம் காவல். மே மாதம் வந்தால் அவனோடு தொலைபேசியில் வெயிலைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கழுத்தில் கட்டிக்கொள்ளும் குளிர்பட்டை ஒன்றை வீட்டிலேயே தைக்கலாம் என்று நான் சொல்லப்போக, அத்தை அன்றைக்கே தையல் மிஷினின் உறையை எடுத்துவிட்டார். படையில் இருப்பவனுக்கு வீட்டிலிருந்து தைத்து அனுப்புவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. கூடத்துச் சுவரில் அத்தையின் மாமனார் படம் தொங்குகிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்த 'சொல்தா' அவர். அல்ஜீரியாவில் எடுத்த படம். தொப்பியின் பின்புறத்திலிருந்து பிடரியை மூடியபடி ஒரு துணி தொங்குகிறது. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் 1938இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச் சின்னத்தருகே பதக்கம் குத்திக்கொண்டு வரும் முதியவர்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, பாலைவனத்தில் வேலை பார்த்த பிடரிகள் அந்நியமில்லை.

இரண்டாவது பட்டை வெடிக்கவில்லை. அத்தை அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அடுப்படிக்கும் தெருத் திண்ணைக்குமாக அரை மணி நேரம் நடந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சில்லுன்னே இல்ல. ஈரத் துணியைச் சுத்தின மாதிரிதான் இருக்கு. இதுக்கு ஒரு ஈரிழைத் துண்டை நனைச்சுப் போட்டா போதாதா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உள்ளே இருக்கும் சரக்கு. ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின் ஊறவைத்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரவில் நாலைந்து கட்டி போட்டால் விடிவதற்குள் கிண்ணம் நிறைய வழவழவென்று வீங்கி நிற்கும். மரம் செய்யும் அந்த வேலையைத் தொழிற்சாலை இன்னும் தீவிரமாகச் செய்தால் கிடைப்பது ஹைட்ரோஜெல். குழந்தைகளின் டயப்பருக்குள் இருப்பது இதன் ஒரு வகை. தோட்டக் கடைகளில் மண்ணில் ஈரம் காக்க விற்பது இன்னொரு வகை. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் மக்காச்சோள மாவுச்சத்தை அடிப்படையாகக் கொண்டு, தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நீரை இழுக்கும் பொருளை உருவாக்கியபோது அவர்கள் மனதில் இருந்ததும் விதையும் மண்ணும்தான். நம் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் செல்லுலோஸை வைத்து 'பூசா ஹைட்ரோஜெல்' என்று ஒன்றை மானாவாரி விவசாயிகளுக்காக உருவாக்கியிருக்கிறது. கழுத்துப் பட்டைக்கு ஏற்றது தோட்டத்துப் படிகம். டயப்பர்த் தூள் மிக நுண்ணியது. ஊறியதும் சேறாகித் துணி இழை வழியே வெளியே கசியும்.

இவை ஏன் இப்படி வீங்குகின்றன? மிக நீண்ட மூலக்கூறு இழைகளை வலை போல ஆங்காங்கே முடிச்சிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இழை நெடுக எதிர்மின்னூட்டம் கொண்ட சிறு தொகுதிகள். அவற்றை விட்டு வெகுதூரம் போக முடியாமல் அருகிலேயே சுற்றும் சோடியம் அல்லது பொட்டாசியம் அயனிகள். அதாவது படிகத்துக்குள் ஓர் உப்பளமே அடைபட்டிருக்கிறது. வெளியே இருப்பது நல்ல தண்ணீர். உப்பு எங்கே செறிவாக இருக்கிறதோ அங்கே நீர் போகும். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்வதும் இதே சவ்வூடு பரவலால்தான், திசை மட்டும் வேறு. நீர் நுழைய நுழைய, ஒரே மின்னூட்டம் கொண்ட இழைகள் ஒன்றையொன்று தள்ளி விரிகின்றன. முடிச்சுகள் இருப்பதால் கரைந்து போகாமல் கூழாக நிற்கிறது.

இதில்தான் நம் ஊர் தனியாகக் கெடுக்கிறது. கடலோரத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் உப்பு ஏறியிருப்பது புதுச்சேரியில் யாருக்கும் செய்தி இல்லை. வெளியிலும் உப்பு இருந்தால் உள்ளே போக நீருக்கு ஆசை குறையும். வடித்த நீரில் நூறு நூறு மடங்காக வீங்கும் படிகம் உப்பு நீரில் அதில் சிறு பங்குதான் வீங்கும். கடின நீரின் கால்சியம் இன்னும் மோசம். இரட்டை மின்னூட்டம் உள்ள அது, பக்கத்துப் பக்கத்து இழைகள் இரண்டையும் பிடித்து இறுக்கிக் கட்டிவிடும். அப்புறம் நல்ல நீரில் போட்டாலும் பழைய வீக்கம் வராது. முதல் பட்டை வெடித்ததற்கு ஒரு விதத்தில் நாங்கள் ஊற்றிய கேன் தண்ணீரும் காரணம். குழாய் நீரில் ஊறப்போட்டிருந்தால் மூன்று தேக்கரண்டியையும் அந்தத் துணி தாங்கியிருக்கலாம். நம்பாதவர்கள் ஊறிய கட்டி ஒன்றைத் தட்டில் வைத்துக் கல்லுப்பைத் தூவிப் பாருங்கள். சிறிது நேரத்தில் தட்டில் தண்ணீர் நிற்கும், கட்டி சுருங்கியிருக்கும்.

ஆனால் அத்தையின் கேள்விக்கு இது பதில் ஆகாது. படிகம் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. தண்ணீரைப் பிடித்துவைப்பது மட்டும்தான் அதன் வேலை. அது சொட்டாத ஒரு தொட்டி. குளிர்ச்சி வருவது நீர் ஆவியாவதால். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 420 ஜூல் போதும். அதே ஒரு கிராம், சாதாரண வெப்பத்தில் துணியிலிருந்து ஆவியாகப் பறக்க 2,400 ஜூலுக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தை அது துணியிடமிருந்தும், துணி கழுத்திடமிருந்தும் பக்கத்துக் காற்றிடமிருந்தும் பிடுங்கும். வெட்டிவேர்த் தட்டியும் மண்பானையும் இதைத்தான் செய்கின்றன. ஈரிழைத் துண்டும் இதைத்தான் செய்கிறது. முதல் அரை மணி நேரத்துக்குத் துண்டுக்கும் பட்டைக்கும் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. அத்தை சொன்னது அந்த அளவில் சரி. துண்டு காய்ந்து விறைத்த பிறகும் பட்டை ஈரமாகவே இருக்கும் என்பதுதான் கூடுதல் வசதி. காவல் மேடையில் பல மணி நேரம் நிற்பவனுக்கு அந்த வசதி சிறியதல்ல.

அப்படியானால் ஏன் சில்லென்று இல்லை?

வானிலை ஆய்வு நிலையங்களில் வெள்ளைப் பலகைக் கூண்டு ஒன்று இருக்கும். உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் ஈரமான மெல்லிய துணி சுற்றியிருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாவதால் இரண்டாவது எப்போதும் குறைவாகவே காட்டும். எவ்வளவு குறைவு என்பதைத் தீர்மானிப்பது காற்றின் வறட்சி. காற்று வறண்டிருந்தால் நீர் வேகமாகப் பறக்கும், அளவு தடாலென இறங்கும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கும். இரண்டாவதன் பெயர் ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று படும் ஈரத் துணி எதுவானாலும், அதில் எந்தப் படிகத்தை அடைத்தாலும், ஆவியாதலால் மட்டும் அந்த எல்லைக்குக் கீழே குளிராது.

இப்போது அத்தையின் கழுத்தைப் பாருங்கள். பருத்தித் துணி, உள்ளே நீர், வெளியே காற்று. அவர் கட்டிக்கொண்டு நடந்தது ஓர் ஈரக்குமிழ்தான். ஒரு கருவியை அணிந்துகொண்டு, அது காட்டிய அளவைத் தோலால் படித்து, "சில்லுன்னே இல்ல" என்று அறிக்கையும் கொடுத்துவிட்டார். குறை பட்டையில் இல்லை. அவர் அறிவித்தது புதுச்சேரிக் காற்றின் நிலவரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கத்திரி வெயில் நாள் ஒன்றில், கடற்காற்று நுழைந்த பிறகு வெப்பம் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் 29 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். வெயிலில் நிற்பவரின் தோல் ஏறத்தாழ 35 டிகிரி. வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான். ஜெய்சல்மேரில் அதே மே மாதம் வெப்பம் 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 23 டிகிரிக்கு அருகே வரும். நம்மைவிட ஏழு டிகிரி அதிகம் கொதிக்கும் ஊரில், அதே துணி நம் ஊரைவிட ஆறு டிகிரி அதிகம் குளிரும். பாக்தாத்தில் 45 டிகிரி, 10 சதவீதம் என்றால் இன்னும் கீழே, 21 டிகிரி சொச்சம்.

பாக்தாத்தைச் சும்மா இழுக்கவில்லை. இந்தப் பட்டை படை வீரர்களின் கழுத்துக்குப் பெருமளவில் போனது 2003இல் தொடங்கிய ஈராக் போரின்போதுதான். அமெரிக்காவில் வீட்டுத் தையல்காரர்கள், தேவாலயக் குழுக்கள், ராணுவக் குடும்பங்கள் என்று பலரும் காக்கி நிறத் துணியில் தைத்துத் தைத்துப் பொட்டலம் கட்டினார்கள். கழுத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. குண்டு துளைக்காத கவசம் மார்பையும் முதுகையும் மூடிவிடுகிறது. அங்கே சுரக்கும் வியர்வை ஆவியாக வழியில்லை. தலையிலும் கவசம். கையுறை, முழங்கால் காப்பு. மிச்சம் திறந்து கிடக்கும் சில இடங்களில் கழுத்து ஒன்று. உலர்ந்த நிலையில் பட்டை ஒரு கைக்குட்டை எடைதான் இருக்கும் என்பதால் தபாலில் அனுப்புவதும் எளிது. தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும்.

படை வீரனின் பிடரிக்காக வீட்டுப் பெண்கள் ஊசி எடுத்தது அதுவே முதல் முறை அல்ல. முந்தைய முறை நடந்தது ஒரு சுவாரசியமான தோல்வி. 1857இல் கான்பூர், லக்னோ பக்கம் பிரிட்டிஷ் படையை நடத்திய ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரில், தொப்பியின் மேல் போட்டுப் பிடரியில் தொங்கவிடும் வெள்ளைத் துணிக்கு 'ஹேவ்லாக்' என்று பேர் வந்தது. (சென்னை மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்று, எதிர்ப்புக்குப் பிறகு 1937இல் அகற்றப்பட்ட நீல் துரை இவருடைய படையில் இருந்தவர்தான்.) அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் வெடித்ததும் வட மாநிலப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஹேவ்லாக் தைத்துக் குவித்தார்கள். வாங்கிக்கொண்ட வீரர்கள் அதில் காப்பி வடிகட்டினார்கள், துப்பாக்கி துடைத்தார்கள். கழுத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்குப் புழுக்கம்தான் மிஞ்சியது. காய்ந்த துணி வெயிலைத் தடுக்கும். கூடவே காற்றையும் தடுத்து, வியர்வை ஆவியாவதையும் கெடுக்கும். கொளுத்தும் வறண்ட வெளியில் அந்த வியாபாரம் லாபம். மரநிழலும் ஈரக்காற்றும் உள்ள வர்ஜீனியாவில் நஷ்டம்.

அதைவிட விபரீதம் 'முதுகெலும்புப் பட்டை'. வெயிலின் கதிர்கள் சட்டையைத் துளைத்து முதுகுத் தண்டைத் தாக்குகின்றன என்ற நம்பிக்கையில், பிரிட்டிஷ் படையினர் இந்தியாவிலும் முதல் உலகப் போரின் மெசபடோமியாவிலும் முதுகில் மெத்தை போல ஒன்றைத் தைத்துப் பொத்தானிட்டுக்கொண்டார்கள். சூட்டில் வேகும் மனிதனுக்குக் கம்பளி போர்த்திவிட்ட கதை. நல்ல மனசு, நேர்த்தியான தையல், தப்பான இயற்பியல்.

சரியான இயற்பியலையும் ராணுவமே கண்டுபிடித்தது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் பயிற்சி பெற்ற கடற்படைக் காலாட்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்துகொண்டே இருந்தார்கள். சதுப்பும் கடலும் சூழ்ந்த, நம்மைப் போலவே பிசுபிசுக்கும் இடம் அது. 1950களில் யாக்லூ, மினார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு குறியீட்டை வகுத்தார்கள். ஈரக்குமிழ் அளவில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கருப்புக் கோளத்துக்குள் உள்ள வெப்பமானியில் 20 சதவீதம், சாதாரண வெப்பநிலையில் வெறும் 10 சதவீதம். மூன்றையும் கூட்டி வரும் எண்ணுக்கு ஏற்ப மைதானத்தில் கொடி ஏறும். கருப்புக் கொடி என்றால் கடும் பயிற்சி நிற்கும். நாம் தொலைக்காட்சியில் "இன்று 40 டிகிரி" என்று பதறும் எண்ணுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு பத்தில் ஒன்றுதான்.

இந்த இடத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நம் ஊரில் கொடிய நாள் எது? பகல் பன்னிரண்டு மணி வாக்கில் வர வேண்டிய கடற்காற்று வராமல், மேற்கேயிருந்து தரைக்காற்று அனலாக அடிக்கும் நாள். 40 டிகிரியைத் தொடும். நேரு வீதியில் ஆள் நடமாட்டம் குறையும். தமிழ் அந்த மேற்குக் காற்றுக்கு வைத்த பெயர் 'கோடை'. காற்றுக்கும் பருவத்துக்கும் ஒரே சொல். அன்று ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 26 டிகிரி. முன்பு சொன்ன கடற்காற்று நாளைவிடக் காற்று நான்கு டிகிரி அதிகச் சூடு. கழுத்துப் பட்டையோ மூன்று டிகிரி அதிகக் குளிர்ச்சி. நீர் ஆவியாவதற்கான இழுவிசையும் இரண்டு மடங்குக்கு மேல். அத்தை பட்டையைச் சோதித்தது கிழக்கே கடலிலிருந்து வரும் கொண்டல் வீசிய சாயங்காலம். கோடை அடித்த மத்தியானம் கட்டியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்.

இதையெல்லாம் சொன்னதும் அத்தை சமாதானம் ஆகிவிட்டார். எனக்குத்தான் ஆகவில்லை. சில்லென்று இருப்பது ஒன்று, உடம்பு குளிர்வது இன்னொன்று.

ஒரு பட்டை நூறு கிராம் நீரை ஐந்து மணி நேரத்தில் ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அது அகற்றும் வெப்பம் சுமார் 13 வாட். அதிலும் ஒரு பகுதி கழுத்திலிருந்து வருவதே இல்லை. சுற்றியுள்ள சூடான காற்றிலிருந்து வருகிறது. முதுகில் சுமையோடு நடக்கும் வீரனின் உடல் 400 வாட்டுக்குக் குறையாமல் வெப்பத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கும். தீக்காயத்தின் பரப்பைக் கணக்கிடும் மருத்துவர்கள் கழுத்துக்கு ஒதுக்குவது உடல் பரப்பில் ஒன்றிரண்டு சதவீதம்தான். மாறாக, மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் அது 670 வாட்டுக்கு மேல் அகற்றும். உடம்பின் உண்மையான குளிர்சாதனம் வியர்வை. பட்டை அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சின்ன உதவியாள்.

அப்படியிருந்தும் கட்டியவர்கள் ஏன் சுகமாக உணர்கிறார்கள்? கழுத்து பரப்பில் சிறியது, உணர்வில் பெரியது. மூளை கவனமாகக் கேட்கும் வெப்ப உணரிகள் அங்கே உண்டு. மூளைக்குப் பக்கத்திலும் இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் டைலரும் கரோலின் சண்டர்லேண்டும் நடத்திய சோதனைகளில், குளிரூட்டிய கழுத்துப் பட்டை அணிந்தவர்கள் வெப்ப அறையில் கூடுதல் நேரம் ஓடினார்கள். ஆனால் அவர்களது உள்ளுடல் வெப்பம் குறையவில்லை. சோர்ந்து நின்றபோது, பட்டை அணியாத நாளைவிட அதிகச் சூட்டில் நின்றார்கள். அது உறைபெட்டியில் வைத்தெடுத்த பட்டை. நம்முடையதைவிடப் பல மடங்கு குளிர். அதனாலேயே அந்த முடிவைக் கவனிக்க வேண்டும். அபாய மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போது காதில் பஞ்சு வைத்தது போன்ற காரியம் அது. ஜவானுக்கு அனுப்பும் பொட்டலத்தில் இதையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கத்தான் வேண்டும்: கழுத்து சுகமாக இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் நிழலில் ஒதுங்குவதையும் தள்ளிப்போடாதே.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமான மனிதனும் நிழலில் சும்மா இருந்தே சில மணி நேரங்களில் தாக்குப்பிடிக்க முடியாமல் போவான் என்று ஷெர்வுட், ஹூபர் என்ற இரு விஞ்ஞானிகள் 2010இல் கோட்பாட்டளவில் எழுதினார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் செய்த பிந்தைய சோதனைகள், ஈரமான சூழலில் லேசான வேலைக்கே அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டி வந்துவிடுவதைக் காட்டின. மேலே நம் ஊருக்குப் போட்ட 29 என்ற எண்ணை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் சிவப்புக் கெப்பி அணிந்து சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும், கட்டட வேலைப் பெண்களுக்கும் கழுத்துப் பட்டையைவிடப் பயனுள்ளவை வேறு உண்டு. 2024 மே மாதம் சிக்னல்களில் பொதுப்பணித் துறை பச்சை வலைப் பந்தல் போட்டபோது நாடே படமெடுத்துப் பகிர்ந்தது. அது அலங்காரம் இல்லை. வெயிலின் நேரடிக் கதிர்ச் சுமையைக் குறைக்கும் நல்ல இயற்பியல். மின்விசிறி இன்னொன்று, காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை அது வியர்வையின் கூட்டாளி. மூன்றாவது, வாளித் தண்ணீர். முழங்கை வரை இரு கைகளையும் பத்து நிமிடம் அதில் அமிழ்த்தி வைப்பது. உள்ளங்கைகளில் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே விரிந்து சுருங்கும் இரத்தக் குழாய் இணைப்புகள் உள்ளன. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு ஆவியாதல் தேவையில்லை என்பதால் ஈரக்காற்று இதைத் தடுக்க முடியாது. அமெரிக்கத் தரைப்படை தன் ரேஞ்சர் பயிற்சியில் இதற்கென்றே தண்ணீர்த் தொட்டிகளை வைத்திருக்கிறது. நம் ஊரில் வயலிலிருந்து வந்ததும் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு நின்றவர்கள் தொட்டிக்கு விலை கொடுக்கவில்லை.

ஜெய்சல்மேருக்குப் பட்டைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆடி ஆவணியில் அங்கும் மழைக்காற்று எட்டிப் பார்த்து ஈரம் ஏறும், அப்போது குளிர்ச்சி குறையும். சித்திரை வைகாசிக்குப் பட்டை போல ஒன்று கிடையாது.

துணி விஷயத்தில் அத்தையிடம் விட்டுவிட்டேன். பாலியெஸ்டர் கலந்ததை ஒதுக்கி, கஞ்சி போகத் துவைத்த பருத்தியை எடுத்தார். கஞ்சி இருந்தால் நீர் ஏறாது என்பதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். பருத்தியிலும் நீலச் சாயத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, சாயம் கழுத்தில் இறங்கும் என்று திரும்ப வைத்தார். அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியின் அவுரி நீலத் துணி கப்பல் கப்பலாகச் செனகல் போய், சகாராவின் ஓரத்து மக்களுக்கு உடையாக மாறியது. அதற்கு ஈடாகப் பிரெஞ்சு வியாபாரிகள் அங்கே வாங்கியது வேலமரப் பிசின். இங்கிருந்து பாலைவனத்துக்குத் துணி, அங்கிருந்து நீரில் ஊறும் பிசின். இந்தத் தடவை இரண்டையும் ஒன்றாகத் தைத்தே அனுப்புகிறோம்.

பட்டைக்கான துணி நாலு விரற்கடைக்குச் சற்றே கூடுதல் அகலம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். நீளவாக்கில் மடித்துத் தைத்துக் குழலாகத் திருப்பியபின், நடுவில் கழுத்தைச் சுற்றும் பகுதியை மட்டும் நான்கு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி. அறை பிரிக்காவிட்டால் கூழ் முழுவதும் ஒரு பக்கம் சரிந்து தொண்டையில் தொங்கும். இரட்டைத் தையல். இரு நுனிகளும் முடிச்சுப் போட வெறுமனே விடப்படும். முக்கால் மணி நேரம் ஊறினால் போதும், பிறகு நாள் முழுக்கத் தாங்கும். இரவில் காற்றாட உலர்த்தாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை நாற்றம் வரும். வேர்க்குரு உள்ளவர்கள் ஈரப் பட்டையைக் கழுத்திலேயே வைத்திருக்கவும் கூடாது. உலர்ந்த படிகத்தைச் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம். விழுங்கினால் வயிற்றுக்குள் வீங்கிக் குடலை அடைத்துக்கொள்ளும்.

மொத்தம் பன்னிரண்டு. பேரனுக்கு ஒன்று, அவன் கூட நிற்பவர்களுக்கு மீதி. எல்லாம் சேர்ந்து ஒரு தபால் உறைக்குள் தட்டையாக அடங்கிவிட்டன. தார்ப் பாலைவனத்தின் நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்புதான் என்பதால், 'குடிக்கிற தண்ணியில மட்டும் ஊற வை' என்று அத்தை தன் கையெழுத்திலேயே எழுதிப் போட்டார். அவருக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. தோளில் பழைய ஈரிழைத் துண்டு கிடக்கிறது.

வெடித்த பட்டையின் கூழ் மூன்று நாள் வாளியிலேயே இருந்தது. கொட்ட மனசு வராமல் அதைக் கறிவேப்பிலைத் தொட்டி மண்ணில் கிளறிவிட்டார். ஒரு மாதம் கழித்து, செடி எப்படியிருக்கிறது என்று ஓரத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். வெள்ளை வேர் ஒன்று ஒரு கூழ்க்கட்டிக்குள் நேராக நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்திருந்தது.